மனசுக்கு ஏழு கிலோ

கைப்பைக்கு ஏழு கிலோ என்பது ஊரறிந்த விஷயம். ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்துவிட்டு, கனமான சட்டையை உடம்பிலேயே மாட்டிக்கொண்டு அதைச் சமாளிக்க நம் சனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனசுக்கும் ஏழு கிலோதான் என்று சட்டம் வந்தபோதுதான் எல்லோரும் திருதிருவென்று முழித்தார்கள்.

எந்த நாட்டிலோ, நடுவானத்தில், பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருத்தன் விமானத்தின் கதவைத் திறக்கப் போனான். அதற்கப்புறம் வந்ததுதான் இந்த வளையம். பையை எக்ஸ்ரேக்குள் தள்ளிவிட்டு ஆள் அந்த வளையத்துக்குள் நின்றால் போதும், நெஞ்சுக்குள் இருக்கிற பாரத்தை எடை போட்டுச் சொல்லிவிடும். அந்த அளவுக்கு அதிகாரிகள் வாயில் நுழையாத ஏதோ பெயர் வைத்தார்கள். சனங்கள் கிலோ என்றே சொன்னார்கள். கடன், வேலை, மாமியார், மூட்டுவலி என்று சாதாரண மனுஷனுக்கு எப்போதும் இரண்டு மூன்று கிலோ இருக்கும். ஏழைத் தாண்டினால் சிவப்பு விளக்கு. பாரம் குறைந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாவு வீட்டுக்குப் போகிறவனுக்குப் பாரம் எப்போது குறைவது? அதற்குள் பிணத்தை எடுத்துவிடுவார்களே!

பிலோமினா மாதிரி ஆட்களுக்குப் பிழைப்பு கிடைத்தது இப்படித்தான். திருச்சியில் குருவி என்றால் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிறத்தியார் சாமானைத் தன் கணக்கில் தூக்கிக்கொண்டு பறக்கிறவர் என்று அர்த்தம். பிலோமினாவும் அப்படி ஆரம்பித்தவள்தான். போகும்போது புடவையும் பூவும், வரும்போது தைலமும் டார்ச் லைட்டும். இப்போது ஆறு வருஷமாக அவள் தூக்குவது பிறத்தியார் துக்கம். வயது ஐம்பத்திரண்டு. பாலக்கரையில் வாடகை வீடு. புருஷன் இல்லை. ஒரே மகள் ஜெனிட்டாவுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

அன்று புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு ஏஜென்ட் சலீம் பாய் போனில் சொன்ன அடையாளத்தை வைத்து திருச்சி விமான நிலையத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். நீலச் சட்டை, முப்பது வயது, வீங்கிய கண். பெயர் லோகேந்திரன். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்து, நாலு வருஷமாகத் திருச்சியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். லாரி ஓட்டுநரான அவன் அப்பா வீராசாமி முந்தின நாள் கிள்ளானில் மாரடைப்பில் போய்விட்டார். இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எடுக்கிறார்கள். ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவன் வளையத்தில் ஏழு புள்ளி எட்டு காட்டி வெளியே நிற்கிறான்.

மாற்று அறை என்று ஓர் அறை உண்டு. இரண்டு நாற்காலி, நடுவில் ஓர் இயந்திரம், அதிலிருந்து நீளும் இரண்டு தலைப்பட்டைகள். குடும்பத்துக்குள் மட்டும் பாரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது சட்டம். பிலோமினா படிவத்தில் 'அத்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போன வாரம் அவள் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பெரியம்மா. அதற்கு முந்தின வாரம் ஒரு ஜவுளி வியாபாரிக்கு அக்கா. எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரிக்கும் இதெல்லாம் தெரியும். தெரியாத மாதிரி முத்திரை குத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

“வலிக்குமா ஆண்டி?” என்று லோகேந்திரன் கேட்டான்.

“உங்களுக்கு வலிக்காது தம்பி.”

“அப்பாவை மறந்துருவேனா?”

“சேச்சே! நினைப்பு பூரா உங்ககிட்டயேதான் இருக்கும். அதோட கனம் மட்டும் எனக்கு வந்துரும். போட்டோ போட்டோவாவே இருக்கும், பாத்தா நெஞ்சடைக்காது. அவ்வளவுதான்.”

“முழுசையும் குடுக்கணுமா? முக்கால் கிலோதானே கூட இருக்கு?”

“இது துண்டா வராது. வந்தா முழுசாத்தான் வரும்.”

“ஒரு பெட்டியில போட்டு லக்கேஜ்ல அனுப்பிட்டா?”

எல்லோரும் கேட்கிற கேள்விதான். பிலோமினா எல்லோருக்கும் சொல்கிற பதிலையே சொன்னாள். “போட்டுப் பாத்தாங்க தம்பி. உயிருள்ள தலைக்கு வெளியில அரை மணி நேரம்கூட தங்கமாட்டேங்குது. அதனாலதான் நானு. ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடறேன். இறங்கினதும் திருப்பி வாங்கிக்கணும். பிறத்தியார் துக்கம் நம்ம மனசுல சும்மா இருக்காது, இட்லி மாவு மாதிரி பொங்கும். நாளைக்கு மத்தியானம் இதோட நான் அங்க வளையத்துல நின்னேன்னு வைங்க, சிவப்பு விழுந்துரும். அந்த ஊர்லயே கெடக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை எம்மகளுக்கு நிச்சயம். நான் இல்லாம நடக்காது.”

“கட்டாயம் வாங்கிக்கறேன் ஆண்டி. எங்கப்பா துக்கத்தை நான் விட்டுட்டுப் போவேனா?” என்றான் அவன். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

தலைப்பட்டை சூடாயிற்று. எந்தத் துக்கம் உடம்பில் எங்கே உட்காரும் என்பது பிலோமினாவுக்கு அத்துப்படி. காதல் தோல்வி தொண்டையில். வேலை போன கோபம் தாடையில். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தது அடிவயிற்றில். அதை ஒரே ஒரு தடவை தூக்கினாள், இனி யார் காலில் விழுந்தாலும் தூக்கமாட்டாள். அப்பா செத்தது முதுகில் வந்து உட்காரும். இதுவும் அங்கேதான் வந்து உட்கார்ந்தது. நாலு புள்ளி ஆறு. அவளுடையது ஏற்கெனவே இரண்டு புள்ளி இரண்டு. அந்த இரண்டில் பாதி, வாங்கிக்கொள்கிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுக் கம்பி நீட்டியவர்கள் விட்டுப்போனது.

செருப்பு ஒரு தட்டில், போன் ஒரு தட்டில், கைப்பை ஒரு தட்டில். அவள் பை நாலு கிலோகூட வராது. அதற்குள் ஒரு புடவை, ஒரு துண்டு, சின்னக் குப்பியில் தேங்காயெண்ணெய், ஒரு ஜெபமாலை. வளையம் ஆறு புள்ளி எட்டு என்று பச்சை காட்டியது. “பாத்துப் போங்கம்மா, தும்மினாக்கூட சிவப்பு விழுந்துரும் போலிருக்கு” என்று சிரித்தாள் அங்கே நின்ற பெண் காவலர். பிலோமினாவும் சிரித்து வைத்தாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

குருவித் தொழிலில் முதல் விதி, அழக்கூடாது. உப்பு மூட்டையோடு ஆற்றில் இறங்கின கதையாகிவிடும். சொந்தத் துக்கம் அழுதாலும் லேசில் தீராது, ஆனால் இரவல் சரக்கு கண்ணில் தண்ணீர் வந்தால் கரைந்துபோகும், சொந்தக்காரனுக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. முதல் நாளே சலீம் பாய் இதைச் சொல்லித்தான் அவளைச் சேர்த்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் பயணத்தில் ஒரு சொட்டு விட்டதில்லை. அழுகை முட்டினால் வாயில் இஞ்சி மிட்டாயைப் போட்டுக்கொள்வாள். காரம் ஏறுகிற நேரத்தில் அழுகை இறங்கிவிடும்.

விமானத்தில் லோகேந்திரன் தன் சாப்பாட்டை முடித்துவிட்டு, “நீங்க சாப்பிடலையா ஆண்டி?” என்று அவள் பொட்டலத்தையும் வாங்கிச் சாப்பிட்டான். அப்புறம் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்தான். அப்புறம் தூங்கிப்போனான். பிலோமினா இஞ்சி மிட்டாயைச் சப்பிக்கொண்டு, தான் ஒரு தடவைகூடப் பார்த்திராத லாரி டிரைவரை முதுகில் வைத்துக்கொண்டு, நாலு மணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்க்க ஆத்திரமாகத்தான் வந்தது. அவன் மேல் என்ன தப்பு? பாரம் இல்லாதவனுக்குத் தூக்கம் வரத்தானே செய்யும்!

இறங்கியபோது அந்த ஊர் மணி மூன்றரை. மாற்று அறை வாசலில் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். லோகேந்திரன் வரிசையைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

“ஆண்டி, இதுல நின்னா எடுக்கறதுக்குள்ள போய்ச் சேரமுடியாது. நாளைக்கு அம்மாவும் நானும் இங்கதான் வர்றோம். அஸ்தியைக் காவிரியில கரைக்கணும்னு அப்பா எப்பவும் சொல்வாரு. நீங்க ஏறற அதே பிளேன்லதான் டிக்கெட் போட்டிருக்கு. அப்ப வாங்கிக்கறேனே?”

“அதெல்லாம் ஆகாது தம்பி. துக்கத்தை வெச்சுட்டு எழவு வீட்டுக்குப் போவாங்களா?”

“அதுக்குத்தான் சொல்றேன். நான் ஒருத்தன்தானே மகன்? எல்லா வேலையும் என் தலையிலதான். இப்படி லேசா இருந்தா சட்டுசட்டுனு முடிச்சுருவேன். அழுதுட்டு உக்காந்தா யாரு செய்யறது? ஒரே நாள் ஆண்டி.” கையெடுத்துக் கும்பிட்டான்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இப்படிக் கும்பிட்டுவிட்டுப் போன எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்! நாளைக்கு இவன் வராவிட்டால்? அழுது கரைத்துவிட்டு ஏறலாம், ஆனால் பிறத்தியார் சரக்கை அப்படி அழிக்க அவளுக்கு மனசு வராது. ஜெனிட்டாவின் மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்திருக்க, பெண்ணைப் பெற்றவள் மட்டும் கடலுக்கு இந்தப் பக்கம் நிற்பாள். “அப்ப நானும் உங்ககூட வர்றேன்” என்று சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் டாக்சியில் ஏறி உட்கார்ந்தாள்.

வழியில் சலீம் பாயைக் கூப்பிட்டாள். அவர் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார். “பிலோமி, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? சரக்கோட எழவு வீட்டுக்குப் போறியா? அங்க போய் நின்னா தாங்குமா? ஒரு ரூமைப் போட்டுப் படு.”

“படுத்துட்டு, நாளைக்கு இவன் வரலேன்னா நீங்க வந்து என்னைத் தூக்கிட்டுப் போவீங்களா பாய்?”

பாய் போனை வைத்துவிட்டார்.

கிள்ளானில் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். உறுமி மேளம் அடித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் பெட்டிக்குள் வீராசாமி. தலைமாட்டில் அவர் மனைவி சரோஜா, அழுது அழுது குரல் செத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். மகன் வந்துவிட்டான் என்றதும் கூட்டம் விலகியது. எல்லோரும் அவன் பெட்டியின் மேல் விழுந்து கதறப்போகிறான் என்று தயாராக நின்றார்கள். அவன் அப்பா முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். அம்மாவின் தோளைத் தொட்டான். “வண்டி எத்தனை மணிக்கு வருது? ஐயரு வந்துட்டாரா?” என்று கேட்டுக்கொண்டே வெளியே போய்விட்டான்.

பிறகு அவன் செய்த வேலையைச் சொல்லிமாளாது. நாற்காலிகளை நகர்த்தினான். போனில் பேசினான். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான். பிலோமினா யார் என்று கேட்டவர்களிடம் திருச்சியில் அத்தை முறை என்றான். மொட்டை அடித்துக்கொள்ள உட்கார்ந்தபோது காதோரம் பார்த்துச் செய்யுங்கள் என்றான். கூடாரத்தின் ஓரத்தில் நின்ற பிலோமினாவின் காதில், நடுநடுவே ‘லா’ போடுகிற அந்த ஊர்ப் பேச்சு விழுந்தது.

“ஒரு சொட்டு கண்ணீர் விடலயே லா இவன்!”

“இந்தியாவுக்குப் போனதுலருந்து கல்லாப் போயிட்டான். வீராசாமி உசுரையே வெச்சிருந்தாரு இவன்மேல.”

பிலோமினா மூன்றாவது மிட்டாயை வாயில் போட்டாள். முதுகில் இருந்தது இங்கே வந்ததிலிருந்து அமைதியாக இல்லை. தண்ணீரைப் பார்த்த மாடு மாதிரி வீட்டுக்குள்ளே இழுத்தது. அவள் கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. “நீங்கதானே லோகாவோட அத்தை? வாங்க, வாங்க, வரிசைக்கு வாங்க” என்று ஒரு பெண் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயில் மிட்டாய். முன்னாலும் பின்னாலும் ஆட்கள். யாரோ அவள் கையில் அரிசியைத் திணித்தார்கள். நாலு அடி, மூன்று அடி, அப்புறம் பெட்டி. உள்ளே நரைத்த மீசையும் அடர்ந்த புருவமுமாக, முன்பின் தெரியாத ஒரு மனுஷர். பிலோமினாவுக்குத்தான் தெரியாது. முதுகில் இருந்ததற்குத் தெரிந்தது.

“அப்பா!”

அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று. “அப்பா! அப்பா! என்னை விட்டுட்டுப் போயிட்டியேப்பா!” ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை அறுபது வயது மனுஷரைப் பார்த்து அப்பா அப்பா என்று பெட்டியில் தலையை மோதிக்கொண்டு கதறினாள். நிறுத்தப் பார்த்தாள். மாதாவே, நிறுத்து, நிறுத்து என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். நிற்கவில்லை. மேளக்காரர்களே அடிப்பதை விட்டுவிட்டு எட்டிப்பார்த்தார்கள்.

கூட்டம் திகைத்துப்போய், பிறகு தனக்குப் புரிந்த மாதிரி புரிந்துகொண்டது. “அடப்பாவி! தான் அழமாட்டான்னு ஊர்லருந்து ஒப்பாரி வைக்க ஆளைக் கூட்டிட்டு வந்துட்டான் பாரு!” என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். சரோஜா தலையைத் தூக்கி மகனைப் பார்த்தாள். “அழறதுக்கும் ஆளாடா லோகா?” என்றாள். அதற்குமேல் பேச அவளிடம் குரல் இல்லை. லோகேந்திரன் கொள்ளிச்சட்டியோடு நின்றான். இரண்டு பேர் பிலோமினாவைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே நாற்காலியில் உட்காரவைத்துச் சோடா கொடுத்தார்கள். சோடாவைக் குடித்து முடித்தபோது முதுகு லேசாகியிருந்தது. ஒன்றுமே இல்லை. சரக்கு பூரா கண்ணீரில் கரைந்துபோயிருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கே அவள் விமான நிலையத்துக்கு வந்து மாற்று அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நேராக வளையத்துக்குப் போயிருக்கலாம். பாரம் இல்லை, பச்சை விழும், வீட்டுக்குப் போய் மகளுக்கு மல்லிகைப்பூ சொல்லிவைக்கலாம். ஆனால் பிறத்தியார் நகையை விற்றுத் தின்றவள் மாதிரி மனசு குறுகுறுத்தது. ஆறு வருஷத்தில் எத்தனையோ பேர் அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். அவள் ஒருத்தரையும் ஏமாற்றியதில்லை.

லோகேந்திரன் அம்மாவோடு வந்தான். சரோஜாவின் கையில் அஸ்தி, வெள்ளைத் துணி சுற்றிய செம்பு. அதற்கு மூன்று முத்திரை குத்திய சான்றிதழ் இருந்தது. பிலோமினாவைப் பார்த்ததும் சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லோகேந்திரன் மட்டும் ஓட்டமாக வந்தான்.

“ஆண்டி, குடுங்க. சீக்கிரம் குடுங்க. காலையில எலும்பு பொறுக்கறப்போ எனக்கு ஒண்ணுமே தோணல. கை சுடுதான்னு மட்டுந்தான் பாத்தேன். எங்கப்பா எலும்பு ஆண்டி அது! பயந்துட்டேன். உங்ககிட்ட ஓடி வந்துடணும்னு வந்தேன்.”

“தம்பி, கொஞ்சம் உக்காருங்க.”

“அப்புறம் உக்காரலாம், வாங்க.” அவனே நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டான். அவளும் மாட்டினாள். அங்கே இருந்த அதிகாரி தமிழர். இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டினார், மறுபடியும் தட்டினார். “இவங்ககிட்ட உங்களோடது ஒண்ணும் இல்லயே” என்றார்.

பிலோமினா எல்லாவற்றையும் சொன்னாள். அழக்கூடாது என்ற விதி, இஞ்சி மிட்டாய், வரிசையில் இழுத்துவிட்டது, எல்லாம். “கரைஞ்சு போச்சு தம்பி. வேணும்னு செய்யல. என்னை மன்னிச்சுருங்க” என்றாள்.

“கொஞ்சம்கூட இல்லையா? ஒரு அரை கிலோ?”

“இல்ல தம்பி.”

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ கணக்குப் பரீட்சையில் விடை வராதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சரோஜாதான் உள்ளே வந்தாள்.

“அப்ப நேத்து அப்பா அப்பான்னு கத்தினது...”

“உங்க மகன்தாம்மா. வாய் மட்டும் என்னுது.”

சரோஜா செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நல்லாத்தான் அழுதிருக்கான்” என்றாள்.

லோகேந்திரன் சட்டென்று அம்மாவின் பக்கம் திரும்பினான். “அம்மா, உன்னோடதைக் குடு. உனக்கு வீட்டுப் பக்கத்து கிளினிக்ல எடை பாத்தப்போ எட்டு காட்டிச்சு, நீ எப்படியும் ஏறமுடியாது. எனக்கு மூணுதான் இருக்கு, இடம் இருக்கு. இறங்கினப்புறம் திருப்பித் தரமாட்டேன். நானே வெச்சு அழுதுக்கறேன்.”

“அது எப்படிடா? நீ அப்பாவைப் பறிகொடுத்தவன். நான் புருஷனைப் பறிகொடுத்தவ. ரெண்டும் ஒண்ணா? என் முப்பத்தஞ்சு வருஷத்தை உனக்கு எப்படிடா தூக்கிக் குடுப்பேன்?”

“குடுக்கலேன்னா எப்படி ஏறுவே?”

“ஏறலேன்னா போகுது. நான் சும்மா உங்கூட வாசல்வரைக்கும் வந்தேன். உங்கப்பாவே இதுல ஏறினதில்ல, நான் ஏறிடப் போறேனா?”

“அவருக்குத்தான் பிளேன்னாலே பிடிக்காதே.”

“யாரு சொன்னா உனக்கு?” சரோஜாவுக்கு அந்தச் செத்த குரலிலும் சூடு ஏறியது. “நீ அங்க வீடு வாங்கிப் பால் காய்ச்சினப்போ வந்தாரு. உனக்கு டெங்கு வந்து படுத்தப்போ வந்தாரு. போன தீபாவளிக்கு வந்தாரு. மூணு தடவை. மூணு தடவையும் டிக்கெட் போட்டு, புதுச் சட்டை போட்டு, உனக்குன்னு முறுக்கு சுடச் சொல்லித் தூக்கிட்டு, இந்த வளையத்துலதான்டா நின்னாரு. மூணு தடவையும் சிவப்பு.”

“லீவு கிடைக்கலன்னு சொன்னாரே...”

“சொல்லுவாரு. வேற என்ன சொல்லுவாரு?”

“அவருக்கு என்னம்மா அவ்வளவு பாரம்?”

“நீதாண்டா! கிளினிக்ல பாத்துட்டு வந்தா அஞ்சுதான் இருக்கும். சந்தோஷமாக் கெளம்புவாரு. இங்க வந்து, உன்னைப் பாக்கப் போறோம்னு ஆனதும் ஏறிரும். தீபாவளிக்கு ஏழு புள்ளி ஒண்ணு. அந்த ஆபீசரைப் பாத்து, சார், சட்டையைக் கழட்டிட்டு நிக்கட்டுமா, கொஞ்சம் குறையுமான்னு கேட்டாரு. அவரு சிரிச்சுட்டாரு. ஆள் வெச்சு அனுப்பலாம்னு நான்தான் சொன்னேன். எம்மகன் நெனப்பை எவனோ தலையில ஏத்தணுமான்னுட்டாரு. முறுக்கைத் திரும்பத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்து, உனக்கு போன் போட்டு லீவு இல்லம்பாரு.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சொன்னா உனக்குப் பாரம் ஏறிருமாம். அப்புறம் நீ ஊருக்கு வர்றப்போ உன்னையும் ஏத்தமாட்டாங்களாம்.”

மைக்கில் திருச்சி விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. அதிகாரி எல்லோரையும் எழுப்பி வளையத்தின் பக்கம் அனுப்பினார்.

முதலில் பிலோமினா. செருப்பு, போன், பை. வளையம் இரண்டு புள்ளி ஒன்று என்று பச்சை காட்டியது. அந்தப் பக்கம் போய்ச் செருப்பை மாட்டக் குனிந்தபோது பின்னால் மணி அடித்தது. திரும்பினாள். வளையத்துக்குள் லோகேந்திரன் நின்றான். மேலே சிவப்பு. ஏழு புள்ளி நாலு. மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சட்டையைக் கழட்டவா சார்னு கேட்டாராம்மா, சட்டையைக் கழட்டவான்னு, என்று திரும்பத் திரும்பச் சொல்லி ஏங்கி ஏங்கி அழுதான்.

பிலோமினாவுக்குப் புரிந்தது. நேற்றுக் காலைவரை அவனுக்குத் தெரிந்ததன் கனத்தைத்தான் இயந்திரம் எடுத்தது. இது இப்போது தெரிந்தது. இதை அது தொடவில்லை.

“கொஞ்சம் ஓரமா வாங்க சார்” என்றார் வளையத்துப் பக்கம் நின்றவர். அவர் நல்ல மனுஷர்தான். “அழாதீங்க. இதோ உங்க அத்தைக்கு ரெண்டுதானே காட்டுது? மாத்திவிட்டா நீங்க இந்த பிளேன்லயே போயிடலாம்.”

பழக்க தோஷம். பிலோமினா ஒற்றைச் செருப்போடு இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டாள். “குடுங்க தம்பி. இந்தத் தடவை சத்தியமா அழமாட்டேன். அப்படியே பத்திரமா கொண்டாந்து குடுத்துடறேன்.”

“வேணாம் ஆண்டி” என்றான் அவன். மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டான். “இதை யாருக்கும் குடுக்கமாட்டேன். நீங்க போங்க. நாளைக்கு நிச்சயம் இருக்கு. நாங்க பாரம் குறைஞ்சப்புறம் வர்றோம்.”

“எப்ப குறையறது தம்பி?”

“குறையறப்போ குறையட்டும்.”

அவன் வளையத்தை விட்டு வெளியே வந்தான். சரோஜா செம்போடு நின்றிருந்தாள். வரிசைக்குப் பக்கத்தில், திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உட்காருவதற்கென்று நீளமாக ஒரு இரும்பு பெஞ்சு போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதில் போய் உட்கார்ந்தார்கள். பிலோமினா மற்றச் செருப்பை மாட்டப் பார்த்தாள். வார் கைக்கு வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் தூங்க வேண்டும்போல் அப்படி ஓர் அசதி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது கேட்டது.

“அப்பாவும் இந்த பெஞ்சுலதான் உக்காந்திருப்பாராம்மா?”

“மூணு தடவையும்” என்றாள் சரோஜா. “அதோ, அந்த ஓரத்துல. முறுக்குப் பையை மடியில வெச்சுக்கிட்டு.”

லோகேந்திரன் நகர்ந்து அந்த ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தான். அம்மாவிடமிருந்து செம்பை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.